‘ஃபேர்’ என்னும் ஒரு சொல்

ஆங்கிலம் கற்போர் பெரிய சொற்களைக் கண்டு அஞ்சுவது வழக்கம். பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கள் நீண்ட சொல் ஒன்று எதிர்ப்பட்டால் உடனே அகராதியை எடுப்பர். அகராதியும் பெரும்பாலும் ஒரே பொருளைச் சொல்லி ஐயத்தைத் தீர்த்துவிடும். நம்மை உண்மையில் இடர்ப்படுத்துபவை மூன்றெழுத்திலும் நான்கெழுத்திலும் அமைந்த சிறு சொற்களே. அவற்றை அறிந்தவை என்று எண்ணி அகராதியைத் திறவாமலே கடந்து செல்கிறோம். அவையோ கடைவீதிக்கு ஒரு பொருள், நீதிமன்றத்துக்கு ஒரு பொருள், பள்ளிக்கு ஒரு பொருள், கல்யாண வீட்டுக்கு ஒரு பொருள் என்று இடத்துக்கு இடம் வேறாக நிற்கின்றன.

ரயில்வே அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் நான் பள்ளியிறுதித் தேர்வுக்கு மேல் படித்தவன் அல்லன். ஆயினும் நாள் முழுவதும் ஆங்கிலக் கோப்புகளோடு பழகுகிறவனாதலின், சொற்கள் வழக்கில் எப்படி நடமாடுகின்றன என்பதைக் காணும் வாய்ப்பு எனக்கு மிகுதி. அவ்வாறு அடிக்கடி எதிர்ப்படும் சொற்களுள் ‘ஃபேர்’ என்னும் பெயரடை ஒன்று. இந்த மும்பையில் வாழும் நம் குடும்பங்களில், பாட்டியார் முதல் பள்ளிச் சிறுவர் வரை அச்சொல்லை வழங்காதவர் அரியர். அதன் பொருள்களை முறையாக அறிந்துகொள்வது பிள்ளைகளின் தேர்வுக்கு மட்டுமன்றிப் பெரியவர்களின் சில முடிவுகளுக்கும் பயன்படும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

ஒலி ஒன்று, சொல் மூன்று

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஃபேர்’ என்று ஒலிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் மூன்று உண்டு. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நாம் கொடுக்கும் கட்டணம் ஒன்று. அதன் எழுத்துக் கூட்டலே வேறு. ‘பயணம் செய்தல்’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து அது பிறந்தது. அலுவலகங்களில் ஓய்வு பெறுவோருக்கு நடத்தும் பிரிவு உபசாரத்தை ‘ஃபேர்வெல்’ என்கிறோமே, அதிலும் இருப்பது இந்தப் பயணச் சொல்தான். ‘நன்றாகச் சென்று வருக’ என்பதே அதன் பழம்பொருள்.

இரண்டாவது, புத்தகக் கண்காட்சி, வணிகப் பொருட்காட்சி முதலியவற்றைக் குறிக்கும் பெயர்ச்சொல். விடுமுறை நாள், திருவிழா நாள் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லொன்று பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அவ்வாறு ஆயிற்று. திருவிழா கூடும் இடத்தில் கடை போடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கமாதலின், விழாவின் பெயரே சந்தைக்கும் நின்றுவிட்டது.

மூன்றாவதே நாம் எடுத்துக்கொண்ட பெயரடை. நம் ஊர்ப் பெரியவர் பலர் நாவில் இம்மூன்றும் ‘பேர்’ என்றாகிவிடும். கரடிக்கும், இணைக்கும், ஒரு பழத்துக்கும் உரிய ஆங்கிலப் பெயர்களும் அதே ‘பேர்’ ஆகிவிடுவதால், கேட்பவர் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்!

மாசற்றது

இப்பெயரடையின் மிகப் பழைய பொருள் ‘அழகிய’, ‘இனிய’ என்பதாம். பழைய ஆங்கிலக் கதைகளில் வரும் நங்கையரும் நகரங்களும் ‘ஃபேர்’ என்று புகழப்படுவது இப்பொருளில்தான். கறையோ குற்றமோ அற்றது எதுவோ அதுவே அழகியது என்ற எண்ணத்தால், ‘மாசற்ற’, ‘தெளிந்த’ என்னும் பொருள்கள் அடுத்துக் கிளைத்தன.

வானம் மாசற்றிருந்தால் வானிலை ‘ஃபேர்’. பழங்காலத்துக் காற்றழுத்தமானிகளின் முகத்தில் புயல், மழை, மாற்றம் என்னும் குறிகளுக்குப் பின் இச்சொல் பொறிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் முள் நின்றால் குடையின்றி வெளியே செல்லலாம் என்பது குறிப்பு. நம் நாட்டுச் சாலைத் துறையாரும் இச்சொல்லை ஆள்கின்றனர். மழைக்காலத்தில் போக்குவரத்து நின்றுபோய், வெயிற்காலத்தில் மட்டும் பயன்படும் பாதைக்கு அவர்கள் ‘ஃபேர் வெதர்’ சாலை என்று பெயரிட்டிருக்கின்றனர். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், எல்லாப் பருவத்துக்கும் உதவும் சாலைகளைக் கிராமங்களுக்குத் தரவேண்டும் என்பதையே குறிக்கோளாகக் கொண்டது.

நண்பரிலும் ‘ஃபேர் வெதர்’ நண்பர் உண்டு. செல்வம் உள்ளபோது சூழ்ந்து, வறுமை வந்தபோது விலகுவோரை ஆங்கிலேயர் அவ்வாறு அழைப்பர். நம் ஔவையார் மூதுரையில் இத்தகைய உறவினர்க்கு, நீர் வற்றிய குளத்தை விட்டு நீங்கும் பறவைகளை உவமை காட்டினார். ஆங்கிலேயர் வானத்தைப் பார்த்தனர். நம்மவர் குளத்தைப் பார்த்தனர். கருத்து ஒன்றே.

அலுவலகத்தில் ‘ஃபேர் காப்பி’ என்பதும் இவ்வகையினதே. ஒரு கடிதத்துக்கு முதலில் வரைவு எழுதுகிறோம். மேலதிகாரிகள் அதில் அடிப்பர், திருத்துவர், ஓரத்தில் சேர்ப்பர். எல்லாம் முடிந்தபின் அடித்தல் திருத்தலின்றி எழுதப்படும் தூய நகலே ‘ஃபேர் காப்பி’. பள்ளிப் பிள்ளைகளும் கணக்கை ஓரிடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, வேறு நோட்டில் ‘ஃபேராக’ எழுதுகின்றனர். காகிதத்தின் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பழுப்புக் காகிதத்தில் எழுதினாலும் தூய நகல் தூய நகலே என்பதைப் பின்னர் வருவதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நியாயமானது

எழுத்தில் மாசின்மை ‘ஃபேர்’ ஆனதுபோல, நடத்தையில் மாசின்மையும் ‘ஃபேர்’ ஆயிற்று. ஒருபாற் கோடாமை, வஞ்சனையின்மை, முறை தவறாமை ஆகிய உயர்ந்த பொருள்கள் இச்சொல்லுக்கு ஏறியது இவ்வாறே. இன்று உலக வழக்கில் முதன்மை பெற்றிருப்பதும் இப்பொருள்தான்.

நம் வீட்டுப் பெண்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு ரேஷன் கடை. சட்டத்தில் அதன் பெயர் ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’. தமிழகத்தில் அதனை நியாய விலைக் கடை என்று மொழிபெயர்த்தனர். இங்கே மராட்டியில் ‘ராஸ்த பாவ்’ கடை என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். ‘ராஸ்த்’ என்பது பாரசீகச் சொல். நேரானது, சரியானது, உண்மையானது என்பன அதன் பொருள்கள். மலிவு விலை வேறு, நியாய விலை வேறு என்பதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன. கடைக்காரர் நமக்கு இரக்கப்பட்டுக் குறைத்துக் கொடுப்பது மலிவு. நமக்கு உரியதை உரிய அளவில் உரிய விலைக்குக் கொடுப்பது நியாயம். 2013-ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனை உரிமை என்றே வைத்திருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் வரும் அட்டையைக் கொண்டு, எந்த மாநிலத்திலும் தானியம் பெறும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாடு 2019-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022-இல் எல்லா மாநிலங்களையும் தழுவியது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தோர் இதனை அறிந்திருத்தல் நலம். ஊரிலுள்ள அட்டை இங்கே செல்லாது என்று எவரேனும் சொன்னால், உடனே திரும்பிவிடாமல் விவரம் கேட்க வேண்டும்.

வாடகை விஷயத்திலும் இச்சொல் உண்டு. 1960-ஆம் ஆண்டுத் தமிழக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்க ‘ஃபேர் ரென்ட்’ என்னும் பெயரில் விதி இருந்தது. அச்சட்டம் நீங்கி, 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. பம்பாயில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இதே கருத்துக்கு ‘ஸ்டாண்டர்டு ரென்ட்’ என்று பெயர் வைத்தது. ஊர் மாறினால் சட்டத்தின் சொல்லும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஊதியத்தைப் பற்றியும் ஒரு செய்தி. 1948-இல் இந்திய அரசு நியமித்த நியாய ஊதியக் குழு, ஊதியத்தை மூன்று படிகளாக வகுத்தது. உயிர் வாழ்வதற்கும் உழைக்கும் திறன் குன்றாதிருப்பதற்கும் இன்றியமையாதது குறைந்தபட்ச ஊதியம். கல்வி, மருத்துவம், முதுமைப் பாதுகாப்பு முதலியவற்றோடு மதிப்பாக வாழப் போதுமானது வாழ்க்கை ஊதியம். இவ்விரண்டுக்கும் இடையே, தொழிலின் சக்திக்கேற்ப நிற்பது ‘ஃபேர்’ ஊதியம். நியாயம் என்பது இங்கே உச்சியில் இல்லாமல் நடுவில் நிற்கிறது.

நீதிமன்றத்திலும் இச்சொல்லுக்குத் தனிச்சிறப்பு உண்டு. ஒருவருடைய உயிரையோ தனிமனித உரிமையையோ சட்டத்தின் வழிமுறைப்படியன்றிப் பறித்தல் ஆகாது என்பது நம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. சட்டத்தில் ஏதோ ஒரு வழிமுறை எழுதியிருந்தால் போதுமா என்ற கேள்வி, மேனகா காந்தியின் பாஸ்போர்ட் பறிமுதலான வழக்கில் எழுந்தது. போதாது, அவ்வழிமுறை நேர்மையும் நியாயமும் ‘ஃபேர்’ தன்மையும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதன் பின்னர் இந்நாட்டில் எளியவர் பலருக்குக் கிடைத்த நீதி இந்தச் சிறு சொல்லைப் பற்றிக்கொண்டு வந்ததே.

ஆட்டக்களத்தில்

இளைஞர்களுக்காகக் கிரிக்கெட்டையும் சொல்ல வேண்டும். விதிப்படி சரியாக இருப்பதும் ‘ஃபேராக’ இருப்பதும் ஒன்றுதானா என்ற வழக்கு அங்கே எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1947 டிசம்பரில் சிட்னி நகரில் நடந்த டெஸ்டில், பந்து வீசப்படும் முன்பே கோட்டை விட்டு வெளியேறிய ஆஸ்திரேலியர் பில் பிரௌனை, வீச வந்த வினூ மங்கட் ஓட்டத்தில் ஆட்டமிழக்கச் செய்தார். விதி இடம் கொடுத்தது. ஆஸ்திரேலிய அணித் தலைவராக இருந்த பிராட்மனே பின்னர்த் தம் வரலாற்று நூலில் மங்கட் பக்கம் நின்று எழுதினார். ஆயினும் அச்செயலுக்கு மங்கட்டின் பெயரையே இட்டு, ஏதோ தவறு இழைத்தவர் போல உலகம் பேசிற்று.

2019 மார்ச்சில் நம் சென்னை அஷ்வின் ஜெய்ப்பூரில் ஜாஸ் பட்லரை அவ்வாறே ஆட்டமிழக்கச் செய்தபோது அப்பழைய பேச்சு மீண்டும் கிளம்பிற்று. கோட்டை விட்டு முந்தி ஓடுகிறவர் குற்றமற்றவர், தடுக்கிறவர் குற்றவாளி என்பது என்ன நியாயம் என்று அஷ்வின் தயங்காமல் கேட்டார். விதிகளைக் காக்கும் மெரில்போன் கிரிக்கெட் கழகம், ‘அன்ஃபேர் பிளே’ என்ற தலைப்புடைய 41-ஆம் விதியிலிருந்து இதனை எடுத்து, ‘ரன் அவுட்’ என்ற 38-ஆம் விதியில் சேர்த்தது. இம்மாற்றம் 2022 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. செயல் பழைய செயலே. அது இருந்த தலைப்பு மட்டும் மாறிற்று. ஆயினும், ஒரு மனிதரின் பெயர்மேல் படிந்த மாசு நீங்க அதுவே தேவைப்பட்டது. ஒரு பெயரடையை யார்மேல் வைக்கிறோம் என்பது சிறிய காரியம் அன்று.

நடுத்தரமானது

இதுவரை கூறியவை உயர்ந்த பொருள்கள். இனி ஏமாற்றும் பொருள் ஒன்றுண்டு. பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் ஓவியத்துக்கோ கையெழுத்துக்கோ நேராக ‘ஃபேர்’ என்று எழுதியிருந்தால், ‘அழகு என்று ஆசிரியை எழுதியிருக்கிறார்’ எனத் தாய்மார் மகிழ்வதைக் கண்டிருக்கிறேன். அங்கே அதன் பொருள் ‘சுமார்’ என்பதே. மிக நன்று, நன்று, சுமார், குறைவு என்னும் வரிசையில் மூன்றாமிடம் அதற்கு உரியது. குழந்தையைக் கடிய வேண்டுவதில்லை. சற்றே கவனிக்க வேண்டும் என்பது குறிப்பு.

மருத்துவர், நோயாளி தேறுவதற்கு ‘ஃபேர் சான்ஸ்’ இருக்கிறது என்றால், உறுதி கூறவில்லை, நம்பிக்கைக்கு இடமுண்டு என்று சொல்கிறார். ‘ஃபேர்லி’ என்னும் வினையடையோ இன்னும் வழுக்கலானது. ஒருவரை ‘ஃபேர்லி’ நடத்தினார்கள் என்றால் நியாயமாக நடத்தினார்கள் என்பது பொருள். வேலை ‘ஃபேர்லி’ நன்றாயிருந்தது என்றால் ஓரளவுக்கு நன்றாயிருந்தது என்பது பொருள். வினையை ஒட்டி வந்தால் நியாயம், மற்றொரு பெயரடையை ஒட்டி வந்தால் ஓரளவு என்று கொண்டால் பெரும்பாலும் பிழை நேராது.

நிறம்

இனி, நம் இல்லங்களில் இச்சொல் எப்பொருளில் மிகுதியும் வழங்குகிறதோ அதற்கு வருவோம். வெளுத்த தோலையும் பொன்னிறத் தலைமயிரையும் ‘ஃபேர்’ என்று கூறுவது ஆங்கிலத்தில் பழைய வழக்கந்தான். அந்நாட்டில் அழகென்று எதை எண்ணினார்களோ அதன்மேல் அழகின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்நாட்டிலேயே அதற்கு மறுப்பும் எழுந்தது. ஷேக்ஸ்பியரின் 14 வரிப் பாடல்கள் 1609-இல் அச்சாயின. அவற்றுள் சில, கருங்கண்ணும் கருங்கூந்தலும் உடைய ஒரு பெண்ணைப் பற்றியவை. வெளுப்பே அழகு என்ற அக்காலத்து இலக்கணத்தோடு அப்பாடல்கள் வழக்காடுகின்றன.

அக்கம்பக்கத்தார்க்கு விண்ணப்பங்களும் கடிதங்களும் ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தம் மகளுக்கு வரன் விளம்பரம் எழுதச் சொல்லி அழைத்தார். வயது, படிப்பு, வங்கி வேலை எல்லாம் எழுதியபின், “நிறம் என்ன போடட்டும் அண்ணாச்சி?” என்றேன்.

“புள்ள மாநிறந்தான் தம்பி. ஆனா ‘ஃபேர்’னே போட்டிருங்க. எல்லாரும் அப்படித்தானே போடுதாங்க?” என்றார்.

தேநீர் கொண்டுவந்த மகள் நின்று கேட்டாள். “அப்பா, அப்படிப் போட்டா வந்து பாக்கிறவங்க என்னைப் பாத்து ஏமாந்துபோன முகத்தோட உக்காந்திருப்பாங்க. அந்த முகத்தை நான்தானே பாக்கணும்?”

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த வரியே வேண்டாம் தம்பி, விட்டிருங்க” என்றார். விளம்பரம் நிறம் குறியாமலே வெளியாயிற்று. தொலைபேசியில் அழைத்தோருள் சிலர் முதற் கேள்வியாக நிறத்தையே கேட்டனர். சிலர் கேட்கவில்லை. “கேட்டவங்க யாரு, கேக்காதவங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அதுவும் லாபந்தான்” என்று பெரியவர் பின்னொரு நாள் சொன்னார்.

இந்த வட்டாரத்தில் நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ‘காலா’, ‘காலி’ என்ற கேலியைச் சுமந்து வீடு திரும்புவதுண்டு. தாய் அதனைக் கேட்டு மனம் நொந்து, அடுத்த நாள் ஒரு களிம்பை வாங்கி வைக்கிறாள். அக்களிம்பு குழந்தையின் கையில், ‘அவர்கள் சொன்னது சரிதான்’ என்று வீட்டாரே எழுதிக் கொடுத்த சான்றிதழ் போல் ஆகிவிடுகிறது.

களிம்பின் கதையும் கேட்கத்தக்கது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு 1975-இல் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தது. நிறம் வெளுத்தால் வேலையும் வரனும் கிட்டும் என்று இவ்வகைக் களிம்புகளின் விளம்பரங்கள் நெடுங்காலம் கற்பித்தன. சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ என்னும் அமைப்பு, கருமையும் அழகே என்னும் இயக்கத்தை 2009-இல் தொடங்கிற்று. கருநிறத்தாரைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரங்கள் கூடா என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் அக்களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கி, ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். அதே ஆண்டு ‘ஷாதி’ என்னும் திருமணத் தகவல் இணையத்தளம், நிறத்தைக் குறித்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. ஆகவே அச்சொல் களிம்புக் குழாயை விட்டு நீங்கிவிட்டது. நம் நாவை விட்டு நீங்கியதா என்பதே கேள்வி.

தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்னும் பொருள். அதனை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா மக்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உண்டாகும் மெலனினின் அளவும் வகையுமே வேறு. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து உடலைக் காக்கும் இயற்கைக் குடை அது. பெயர் தெரியாத சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பது பரிசோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் 2018-இல் உறுதி ஏற்றது. முகவரியும் மூலப்பொருள் விவரமும் அச்சிடாத களிம்பை வீட்டுக்குள் கொண்டுவராதிருப்பதே அறிவுடைமை.

தமிழில் என்ன சொல்வது?

ஆங்கிலத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நியாயத்துக்கும் நிறத்துக்கும் ஒரே சொல்லை வைத்த மயக்கம் தமிழிலும் ஒருவகையில் உண்டு. ‘செம்மை’ என்றால் சிவப்பு நிறம். செம்மை என்றால் நேர்மை, ஒழுங்கு. செங்கோல் என்பதில் உள்ள ‘செம்’ நிறத்தைக் குறிப்பதன்று. வளையாத கோல், நீதி தவறாத ஆட்சி என்பதே பொருள். ஆதலின்தான் அதற்கு எதிர்ச்சொல் கருங்கோல் என்று ஆகாமல் ‘கொடுங்கோல்’ என்று அமைந்தது. கொடுமை என்பதற்கு வளைவு என்பது பழம்பொருள். பாரசீகர் ‘ராஸ்த்’ என்றதும் நம் முன்னோர் ‘செம்மை’ என்றதும் ஒன்றையே; அது நேராக நிற்றல்.

நிறத்தைப் பற்றியோ நம் சங்கப் புலவர்கள் சொன்னது முற்றிலும் வேறு. தலைவியின் அழகிய நிறத்தை அவர்கள் ‘மாமை’ என்றனர். அது மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் விளக்குவர். காதலன் பிரிந்தபோது அம்மாமை கெட்டு மேனி வெளிறுவதைப் ‘பசலை’ என்றனர். வெளிறுதல் துன்பத்தின் அடையாளம், நோயின் குறி. திருவள்ளுவர் அதற்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என்று 119-ஆம் அதிகாரத்தை வகுத்தார். மாநிறத்தை இழந்தேனே என்று தலைவி அழுதாள். அவள் வழிவந்த பெண்ணிடம் நாம் மாநிறத்தைப் போக்கிக்கொள்ளக் களிம்பு வாங்கித் தருகிறோம்!

‘ஃபேர்’ என்பதன் உயர்ந்த பொருளுக்கோ வள்ளுவர் 12-ஆம் அதிகாரத்தில் ‘நடுவு நிலைமை’ என்று பெயர் வைத்து, துலாக்கோலை உவமை காட்டினார். தராசின் தட்டுகள் எந்நிறத்தனவாயினும் முள் நடுவில் நிற்க வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

வழக்குக்குச் சில குறிப்புகள்

பிள்ளைகள் நினைவிற்கொள்ளத் தக்க சிலவற்றைத் தொகுத்துக் கூறி முடிக்கிறேன். விலை, வாடகை, ஊதியம், விசாரணை, ஆட்டம் இவற்றோடு வரும் ‘ஃபேர்’ நியாயத்தைக் குறிக்கும். வானிலையோடு வந்தால் தெளிவு. நகலோடு வந்தால் திருத்தமின்மை. மதிப்பெண்ணோடு வந்தால் சுமார். ‘ஃபேர் எனஃப்’ என்று ஒருவர் சொன்னால், நீங்கள் சொல்வது ஏற்கத்தக்கதுதான் என்று இணங்குகிறார். பங்கைக் குறித்து ‘ஃபேர் ஷேர்’ என்றால் உரிய பங்கு. பெரிய பங்கு அன்று.

மனிதரைக் குறித்து ஆங்கிலத்தில் ‘அவர் ஃபேர்’ என்று மட்டும் எழுதினால் நிறமா, நியாயமா என்ற ஐயம் எழும். நியாயத்தைச் சொல்ல விரும்புவோர் ‘ஃபேர் மைண்டட்’ என்று எழுதுவது நன்று. நிறத்தைச் சொல்ல விரும்புவோர், காணாமற்போனவரைத் தேடும் அறிவிப்பைப் போல அடையாளம் காட்டும் தேவை உண்டா என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தேவை இருந்தால் உள்ள நிறத்தை உள்ளவாறே எழுதலாம். தேவையில்லாத இடத்தில் அவ்வரியை விட்டுவிடலாம்.

நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, “அம்மா, நான் ஃபேரா?” என்று கேட்கும் நாள் பல வீடுகளில் வரக்கூடும். அன்று தாய்மார் இச்சொல்லின் பழம்பொருளையும் உயர்பொருளையும் எடுத்துச் சொல்லி, “இன்றைக்கு விளையாட்டில் யாரையும் ஏமாற்றவில்லையே? தின்பண்டத்தைத் தங்கைக்குச் சரிபாதி கொடுத்தாயே? அப்படியானால் நீ ஃபேர்தான்” என்று விடை கூறலாம். அகராதி அவ்விடையை மறுக்காது.